களைப்பு நிவாரணக் கமிட்டி

ஐம்பத்தேழாம் வருஷத்து மழை ஓய்ந்து வெயில் எட்டிப் பார்த்த ஒரு காலையில், பூரணி கொழுந்து மலையில் உட்கார்ந்துவிட்டாள்.

இலங்கை மலையகத்தில், கொட்டகலைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில் வேலை நேரத்தில் ஒரு பொம்பளை ஆள் உட்கார்ந்ததாக அதுவரை யாருக்கும் ஞாபகம் இல்லை. வழுக்கி உருண்டிருக்கிறார்கள். மயங்கி விழுந்திருக்கிறார்கள். ஒருத்தி தேயிலை நிரையிலேயே பிள்ளை பெற்றிருக்கிறாள். அதற்கெல்லாம் தோட்டத்தில் ஒரு நடைமுறை இருந்தது. ஒன்றும் ஆகாமல், முதுகில் கூடையோடு, தேயிலைச் செடிக்கடியில் சும்மா உட்காருவதற்கு மட்டும் நடைமுறை எதுவும் இல்லை.

அவள் உட்கார்ந்த நேரமும் சரியில்லை. கொழும்புக் கம்பெனியிலிருந்து வந்திருந்த ஏஜண்டுக்குத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்த பெரிய துரை கார்ஸ்வெல், அந்த வளைவில்தான் ஜீப்பை நிறுத்தினார்.

"என்னா நீ உட்காந்துகிட்டு?" என்றார் துரை. இருபது வருஷம் தோட்டத்தில் இருந்து கற்ற தமிழ் அது. அதட்டுவதற்கு வேண்டிய அளவு இருந்தது.

பூரணி எழுந்திருக்கப் பார்த்தாள். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. "ஒண்ணுமில்லைங்க தொரை. அசதியா இருக்குங்க."

"காய்ச்சலா?"

"இல்லைங்க."

"வயித்து வலியா?"

"இல்லைங்க. அசதிதாங்க."

"எப்ப இருந்து?"

பூரணி யோசித்தாள். யாரும் அவளிடம் இதைக் கேட்டதில்லை. "பெரிய புள்ள பொறந்ததுல இருந்துங்க."

"பெரிய புள்ளைக்கு என்னா வயசு?"

"அது தோட்டத்துல பேர் பதிஞ்சு வேலைக்கு வருதுங்க தொரை. அந்தா, மேல் நிரையில நிக்குது."

ஏஜண்டு என்ன விஷயம் என்று கேட்டார். துரை சொன்னார். ஏஜண்டின் முகம் மாறியது. தோட்டத்தில் சில மாதமாகக் கொழுந்து நிறை குறைந்துகொண்டே வந்தது. மண்ணைச் சோதித்தார்கள், உரத்தை மாற்றினார்கள், தராசைக்கூடப் பிரித்துப் பார்த்தார்கள். கொழுந்தைக் கிள்ளுகிறவளுக்குக் களைப்பு இருக்கலாம் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. இது தொற்றுகிற வியாதியா என்று ஏஜண்டு கேட்டார். பூரணியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

ஆஸ்பத்திரி என்பது தோட்டத்து மருந்துச்சாலை. அதை நடத்தியவர் மத்தியாஸ் ஐயா. கெட்ட மனுஷர் இல்லை. அவரிடம் இரண்டு மருந்துகள் இருந்தன. காய்ச்சலுக்குக் கசப்பு மருந்து, மற்ற எல்லாவற்றுக்கும் விளக்கெண்ணெய். பூரணியின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். உள்ளே சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. நகத்தைப் பார்த்தார். அதுவும் வெளுப்புத்தான்.

"ரத்தம் இல்ல ஒனக்கு," என்றார்.

"அதுக்கு மருந்து இருக்குங்களா?"

"ஏன் இல்லாம? இரும்பு மாத்திரை. பூச்சி மருந்து. முட்டை, கீரை, ஈரல். அதோட நல்லா ஒறங்கணும்."

பூரணிக்குச் சந்தோஷமாக இருந்தது. "மாத்திரையைக் குடுங்கய்யா."

"நம்மகிட்ட இல்லை."

"எடுப்பிக்க முடியாதுங்களா?"

மத்தியாஸ் ஐயா கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "எடுப்பிக்கணும்னா இது நோய்னு நான் சொல்லணும். ஒனக்கு நோய்னா ஒனக்குப் பின்னாடி வர்றவளுக்கும் நோய்தான். இந்தத் தோட்டத்துல எந்தப் பொம்பளை கண்ணை இழுத்துப் பார்த்தாலும் இதே வெள்ளைதான் பூரணி. எல்லாருக்கும் இருக்கிறதை எப்படி நோய்னு சொல்றது? நோய்னா கொஞ்சப் பேருக்குத்தான் இருக்கணும்."

சொல்லிவிட்டு அவள் மனம் நோகக்கூடாது என்று கொஞ்சம் அதிகமாகவே விளக்கெண்ணெய் ஊற்றிக் கொடுத்தார். அன்று முழுக்கப் பூரணி லயத்து வீட்டுக்கும் பள்ளத்துக் கக்கூஸுக்குமாக ஏறி இறங்கினாள். மறுநாள் மலையில் நின்றபோது முந்திய நாள் அசதி எவ்வளவோ தேவலை என்று பட்டது.

ஏஜண்டு சும்மா விடவில்லை. அவர் கொழும்புக்குப் போனதும் கம்பெனி ஒரு கமிட்டியை அமைத்தது. பெரிய துரை தலைவர். கொழும்பிலிருந்து டாக்டர் தில்லையம்பலம் நிபுணர். அவர் லண்டனில் களைப்பைப் பற்றியே படித்துப் பட்டம் வாங்கியவர். தொழிலாளர் தரப்புக்குத் தோட்டச் சங்கத் தலைவர் ஆண்டியப்பன். களைப்பு பெண்களுடையது என்பதால் ஒரு பெண்ணும் இருக்க வேண்டும் என்றார்கள். துரைசானியைச் சேர்த்தார்கள். துரைசானிக்கும் அடிக்கடி களைப்பு வரும் என்று துரை சாட்சி சொன்னார்.

கமிட்டி துரைமார் கிளப்பில் கூடியது. பூரணியைக் காலையிலேயே வரச் சொல்லியிருந்தார்கள். கமிட்டி சாப்பிட்டுவிட்டு, சற்றுக் கண்ணயர்ந்துவிட்டு வந்தது. அதுவரை அவள் வாசலில் நின்றாள். உள்ளே கூப்பிட்ட பிறகும் நின்றாள்.

டாக்டர் எழுந்து பேசினார். நல்ல தமிழ், மேடைத் தமிழ்.

"களைப்பு என்பது உடம்பில் இல்லை. ஓய்வெடுக்கும் கலையை அறியாமையில் இருக்கிறது. லண்டனில் சீமாட்டிகளைக் கவனித்திருக்கிறேன். மதிய உணவு முடிந்தால் சாய்வு நாற்காலி, கையில் ஒரு புத்தகம், காலடியில் ஒரு நாய்க்குட்டி. அவர்களில் ஒருவர்கூடத் தேயிலைச் செடிக்கடியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நம் பெண்களுக்கு வேலை செய்யத் தெரிகிறது. ஓய்வெடுக்கத் தெரியவில்லை. இது அறியாமை. அறியாமைக்கு மருந்து கல்வி."

பிறகு பூரணியிடம் திரும்பினார். "நீ எப்போது ஓய்வெடுப்பாய்?"

"விடியறதுக்கு முந்தி எந்திரிச்சு ரொட்டி சுடுவேங்க. தண்ணி எடுப்பேன். சின்னதை ஆயாகிட்ட புள்ளக் காம்பராவுல விட்டுட்டு, பேர் குடுக்கப் பெரட்டுக்கு ஓடுவேன். அப்பறம் மலை. கொழுந்து நிறுத்துட்டு வெறகு பொறுக்குவேன். வந்து மறுபடி தண்ணி, சமையல், துணி."

"அதன் பிறகு?"

"படுத்துருவேங்க."

"ஆக, படுத்த பிறகு ஓய்வு."

பூரணி தலையைக் குனிந்துகொண்டாள். "அதுக்கப்பறமும் அவரு இருக்காருங்களே."

கமிட்டி இருமியது. எழுதிக்கொண்டிருந்த பெரிய கிளாக்கர் பேனாவை உதறி, மை வரவில்லை என்று பாவனை செய்தார்.

ஆண்டியப்பன் தலைவர் துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "ஒண்ணு மட்டும் தெளிவாச் சொல்லிப்புடுறேன். தொழிலாளியோட களைப்பு தொழிலாளியோட உரிமை. ரத்தம் சிந்திப் போராடி வாங்கின உரிமை. அதை நிர்வாகம் பறிக்கப் பார்த்தா சங்கம் பார்த்துக்கிட்டு இருக்காது."

களைப்பைப் பறிக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை என்று துரை உறுதி கொடுத்தார். தலைவர் திருப்தியோடு உட்கார்ந்தார்.

சாட்சிக்கு வந்து ஓரத்தில் நின்றிருந்த மத்தியாஸ் ஐயா இடையில் தைரியத்தைச் சேர்த்துக்கொண்டு, ரத்தம் என்று ஒரு வார்த்தையை எடுத்தார். ரத்தம் ஆஸ்பத்திரி விஷயம், களைப்பு கமிட்டி விஷயம், இரண்டையும் குழப்பக்கூடாது என்று டாக்டர் சொன்னார். மத்தியாஸ் ஐயா மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

கடைசியில் ஏகமனதாக ஒரு முடிவு வந்தது. தோட்டத்தில் ஓய்வு வகுப்பு நடக்கும். தினமும் கொழுந்து நிறுத்த பிறகு எல்லாப் பொம்பளை ஆள்களும் முன்பு கொழுந்து நிறுத்த பழைய மடுவக் கொட்டகைக்கு வந்து, இருட்டும் வரை ஓய்வெடுக்கப் படிக்க வேண்டும். வராதவளுக்கு அன்றைய பேர் பாதி வெட்டு. அரை நாள் வேலைதான் கணக்கு.

யார் சொல்லிக் கொடுப்பது என்ற கேள்வி வந்தது. அனுபவம் உள்ள ஆள் வேண்டும் என்றார் டாக்டர். தோட்டத்தில் ஆம்பளைகளுக்குச் செடி வெட்டுகிற கவ்வாத்தும் மண் கிளறுகிற முள்ளுக்குத்தும் மத்தியானத்தோடு முடிந்துவிடும். அதற்குமேல் அவர்கள் பொழுதுபோகும் வரை ஓய்வில்தான் இருப்பார்கள். அவர்களிலும் கெட்டிக்காரன் யார் என்று கங்காணிகளை விசாரித்ததில் எல்லாரும் ஒரே பேரைச் சொன்னார்கள். மாயாண்டி. பூரணியின் புருஷன்.

மாயாண்டிக்கு ஒரு நாற்காலியும் பழைய கோட்டு ஒன்றும் கிடைத்தன. ஓய்வு மாஸ்டர் என்று பேர்.

மடுவத்தில் பொம்பளைகள் வரிசையாக நின்றார்கள். உட்கார்ந்தால் சோம்பல் வந்துவிடும் என்பதால் நின்றுகொண்டே பயிற்சி. மாயாண்டி காலை நீட்டி நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

"கையைத் தொங்கப் போடுங்க. கண்ணை மூடுங்க. எதையும் நெனைக்காதீங்க. என்னைய மாதிரி இருங்க."

பூரணி கண்ணை மூடினாள். கைக்குழந்தை அழுவது நினைவில் வந்தது. மாவு தீர்ந்தது நினைவில் வந்தது. இருட்டிய பிறகு பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்க எவ்வளவு கூட்டம் நிற்கும் என்று நினைத்தாள்.

"பூரணி நெனைக்குது," என்றான் மாயாண்டி. "மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது."

பக்கத்தில் நின்ற காளியாயி பல்லைக் கடித்தாள். பூரணிக்கு ஒரே தோழி அவள்தான்; ஒரே லயம், அடுத்த காம்பரா. "ஒன் புருஷன் படிச்சுக் குடுக்கிற அழகுக்கு நான் நாளைக்கே செத்துருவேன்டி," என்று முணுமுணுத்தாள்.

இருட்டில் வீடு திரும்பி, பூரணி தண்ணீர் பிடித்து, விறகு தேடி, சமைத்து முடிப்பதற்குள் ஊரே அடங்கிப்போகும். மாயாண்டி வாசல் திண்ணையில், இஸ்தோப்பில் சரிந்திருப்பான். "இன்னைக்குப் பாடம் நடத்தி ஒடம்பெல்லாம் அசதி. கொஞ்சம் சுடுதண்ணி வச்சுத் தா."

கொழுந்து நிறை இன்னும் இறங்கியது. கமிட்டி அவசரமாகக் கூடியது. பயிற்சி போதவில்லை என்று கண்டுபிடித்தது. பெரட்டுக்கு முன்னால் விடியற்காலையில் இன்னொரு வகுப்பு சேர்த்தார்கள். முதல் வாரம் இரண்டு பேர் மலையில் விழுந்தார்கள். உட்காரவில்லை, விழத்தான் விழுந்தார்கள் என்பதை டாக்டர் முன்னேற்றமாகக் கருதினார்.

இந்தச் சமயத்தில் லண்டனிலிருந்து கம்பெனி டைரக்டர் ஒருவர் சம்சாரத்தோடு வருவதாகச் செய்தி வந்தது. ஓய்வுத் திட்டத்தைக் கண்ணால் பார்க்க ஆசைப்படுகிறாராம். தோட்டம் அமர்க்களப்பட்டது. மடுவத்துக்கு வெள்ளையடித்தார்கள். வெள்ளைக்காரர் முன்னால் நிற்க வைத்தால் நன்றாக இருக்காது என்று துரைசானி சொன்னதால், அன்று ஒரு நாளைக்கு மட்டும் தரையில் சாக்கு விரித்துப் படுக்கவிடுவது என்று முடிவானது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மாதிரி ஓய்வு. துரை பேசி முடித்ததும் கொம்பு ஊதும். எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து, கும்பிட்டு, கூடையோடு மலைக்குப் போக வேண்டும்.

விருந்தாளிகள் நாற்காலிகளில் அமர்ந்தார்கள். மாயாண்டி, "படு," என்றான். பொம்பளைகள் படுத்தார்கள். துரை பேசத் தொடங்கினார்.

"இந்தத் தோட்டத்தில் ஓய்வு என்பதை யாருடைய விருப்பத்துக்கும் நாங்கள் விட்டுவைக்கவில்லை. முன்பு இவர்கள் கண்ட நேரத்தில், கண்ட இடத்தில் களைத்துப் போவார்கள். இன்று எல்லாம் ஒழுங்கு. எங்கள் மேற்பார்வை இல்லாமல் இங்கே ஒருத்தியும் ஓய்வெடுப்பதில்லை."

பேச்சு முடிந்தது. கொம்பு ஊதியது. ஒருத்தியும் அசையவில்லை. மறுபடியும் ஊதியது. காளியாயியின் குறட்டை மட்டும் கேட்டது. தகரக் கூரையில் பெய்யும் மழை போல எல்லாருடைய மூச்சும் ஒரே சீராக ஏறி இறங்கியது. கணக்கப்பிள்ளை ஒருத்தியைத் தொட்டு எழுப்பக் குனிந்தார்.

"வேண்டாம்," என்று டைரக்டரின் சம்சாரம் அவர் கையைப் பிடித்தாள். இவ்வளவு பூரணமான ஓய்வைச் சீமையில்கூடப் பார்த்ததில்லை, யாரும் கலைக்கக்கூடாது என்றாள். டைரக்டர் கைதட்டப் போனார். அவள் முறைத்ததும் நிறுத்திக்கொண்டார். விருந்தாளிகள் பூனை நடை நடந்து வெளியே போனார்கள். துரையும் பூனை நடைதான். வெளியே வெயிலில் மலை முழுக்கக் கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது.

கார் வளைவைத் தாண்டியதும் துரை மடுவத்துக்குள் பாய்ந்தார். கங்காணிகள் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து தெளித்தார்கள். திட்டுக்கும் தண்ணீருக்குமாக ஒவ்வொருத்தியாக எழுந்தாள். பூரணி எழவில்லை.

காளியாயி அவளைப் புரட்டினாள். உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது. "பூரணி, ஏ பூரணி," என்று கன்னத்தைத் தட்டினாள். பூரணி கண்ணைப் பாதி திறந்து, "மாவு பிசையணும்," என்றாள். மறுபடி மூடிக்கொண்டாள்.

மாயாண்டி அப்போதுதான் நாற்காலியை விட்டு எழுந்தான். கோட்டைக் கழற்றினான். ஓய்வு மாஸ்டர் ஆன பிறகு முதல் தடவையாக அவன் முகத்தில் பயம் இருந்தது.

தேயிலைப் பெட்டி ஏற்றும் லொறியில் அவளைப் போட்டு டவுன் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மத்தியாஸ் ஐயாவும் கூடப் போனார். அங்கே இருந்த டாக்டர், சிங்களவர், அவளுடைய ரத்தத்தைச் சோதித்துவிட்டு மத்தியாஸ் ஐயாவிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "இந்தப் பொம்பளை எப்படி இவ்வளவு நாள் நடந்தாள்?"

மத்தியாஸ் ஐயா அழுதுவிட்டார் என்று லொறி டிரைவர் பிற்பாடு சொன்னான்.

பூரணிக்கு ரத்தம் ஏற்றினார்கள். பூச்சி மருந்து கொடுத்தார்கள். இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். அதைவிட முக்கியமாக, கட்டிலில் கிடந்த அத்தனை நாளும் யாரும் அவளைத் தண்ணீர் எடுக்கச் சொல்லவில்லை. தோட்டத்துப் பெண்கள் எல்லாருக்கும் இதே வைத்தியம் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்று அந்த டாக்டர் துரைக்குச் சொல்லி அனுப்பினார். அரசாங்கம் என்ற சொல்லைக் கேட்ட அன்றே துரைக்குப் பெண்கள் மேல் இரக்கம் பிறந்தது. மாத்திரைப் போத்தல்கள் வந்து இறங்கின. மத்தியாஸ் ஐயா தினமும் பெரட்டில் நின்று ஒவ்வொருத்தி கையிலும் மாத்திரையை வைத்தார். அதைக் கோயில் பிரசாதம் கொடுக்கிற மாதிரி பணிவாகக் கொடுத்தார்.

சில மாதங்களில் கண்ணிமைகள் சிவந்தன. மலை ஏறும்போது மூச்சு வாங்கவில்லை. நிரையில் பேச்சும் சிரிப்பும் கேட்டன. கொழுந்து நிறையும் ஏறியது. கமிட்டி, ஓய்வு வகுப்பின் பலன் இது என்று அறிவித்து, வெற்றி விழாவுக்கு நாள் குறித்தது.

விழாவுக்கு ஏஜண்டு வந்திருந்தார். டாக்டர் தில்லையம்பலம் பேசினார். "கல்வி வென்றது. சிலர் மாத்திரை என்கிறார்கள். மாத்திரையை விழுங்க ஒரு கணம் போதும். ஓய்வைக் கற்கவோ மாதங்கள் ஆகின. எது பெரிது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்."

பிறகு பூரணியை மேடைக்கு அழைத்தார்கள். மாயாண்டி கோட்டோடு ஓரத்தில் நின்றான்.

"இப்போது எப்படி இருக்கிறது?" என்று டாக்டர் கேட்டார்.

"நல்லா இருக்குங்க. முந்தி மாதிரி கண்ணு இருட்டறதில்லை."

"வேறு ஏதாவது மாற்றம் தெரிகிறதா? தயங்காமல் சொல்."

பூரணி தயங்கவில்லை. "இப்பல்லாம் கோவம் வருதுங்க."

"கோபமா?"

"ஆமாங்க. முந்தியே வந்திருக்கணும். அதுக்குக்கூட அப்பத் தெம்பு இல்லாம இருந்துச்சு."

கீழே பொம்பளைகள் பக்கத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. என்ன சொல்கிறாள் என்று ஏஜண்டு கேட்டார். நிர்வாகத்துக்கு நன்றி சொல்கிறாள் என்று பெரிய கிளாக்கர் மொழிபெயர்த்தார். ஏஜண்டு கைதட்டினார். துரை தட்டவில்லை. அவருக்குத் தமிழ் தெரியும்.

அன்று பின்னேரமே கமிட்டி கூடியது. மாத்திரைக்குப் பக்கவிளைவு இருப்பது தெரியவந்திருக்கிறது என்றார் டாக்டர். இரும்பு இதமான பொருள் அல்ல. பெண் உடம்பில் அது அதிகமானால் குணம் கடினப்படும் என்றார். ஆண்டியப்பன் தலைவரும் கவலைப்பட்டார். "சங்கத்துக்குத் தெரியாம ஆளாளுக்குக் கோவப்பட்டா ஒழுங்கு என்னாகிறது? கோவப்படுறதுன்னா முதல்ல தோட்டக் கமிட்டி, அப்பறம் மாவட்டம், அப்பறம் தலைமைக் காரியாலயம். அதுக்குன்னு ஒரு முறை இருக்கு." போத்தல்களைப் பூட்டி வைக்க மத்தியாஸ் ஐயாவுக்கு உத்தரவு வந்தது.

மறுநாள் பெரட்டில் மத்தியாஸ் ஐயா வெறுங்கையோடு நின்றார். பூரணி கையை நீட்டினாள். அவர் தலையைக் குனிந்தார்.

"பூட்டியாச்சுங்களா?"

"ஆமா."

பூரணி கூடையை முதுகிலிருந்து இறக்கி வைத்தாள். காளியாயி இறக்கினாள். அதற்குப் பிறகு வரிசை முழுக்கக் கூடைகள் தரையில் வைக்கப்படும் சத்தம். ஒருத்தியும் கத்தவில்லை. கணக்கப்பிள்ளை கத்தினார், கங்காணிகள் கத்தினார்கள், துரை ஜீப்பில் வந்து எல்லாரையும்விட உரக்கக் கத்தினார்.

"என்னா வேணும் ஒங்களுக்கு?"

"மாத்திரை வேணுங்க தொரை," என்றாள் பூரணி. "பூச்சி மருந்தும் வேணும். வகுப்பு வேணாம். ஆம்பளைகளை விடுற நேரத்துக்கு எங்களையும் விடணும்."

ஆண்டியப்பன் தலைவர் ஓடிவந்தார். யாரிடம் அனுமதி வாங்கினீர்கள் என்று கேட்டார். காளியாயி அவரைக் கூர்ந்து பார்த்து, "தலைவரே, உங்க வீட்டுக்காரம்மாவும் அந்தா கூடையை எறக்கி வச்சிருக்கு. அதுகிட்டக் கேளுங்க," என்றாள். தலைவர் அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு கேட்கவில்லை.

வெயில் காய்ந்தது. கொழுந்து முற்றியது. தொழிற்சாலையில் இயந்திரம் நின்றது. கொழும்பிலிருந்து ஏஜண்டு விடாமல் போன் செய்தார். அந்த வாரம் முடிவதற்குள் போத்தல்களின் பூட்டு திறந்தது. ஓய்வு வகுப்பு மூடப்பட்டது. மத்தியானத்தோடு விடும் கோரிக்கையை மட்டும் பரிசீலிக்க ஒரு கமிட்டி அமைக்கப்பட்டது.

மாத்திரை திரும்பி வந்தது துரையின் கருணை என்று காரியாலயத்தில் சொன்னார்கள். சங்கத்தின் மாபெரும் வெற்றி என்று ஆண்டியப்பன் தலைவர் கொட்டகலை பஸாரில் மேடை போட்டார். டாக்டர் தில்லையம்பலம் வேறொரு தோட்டத்துக்குக் களைப்பை ஆராயப் போனார்.

மாயாண்டியிடமிருந்து கோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் இஸ்தோப்பில் உட்கார்ந்து, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான்.

"பூரணி, ஒரு தேத்தண்ணி."

பூரணி காம்பராவுக்குள் பாயை விரித்துக்கொண்டிருந்தாள். "அடுப்புல தண்ணி கொதிக்குது. நீங்களே ஊத்திக்கங்க. எனக்கும் ஒண்ணு."

அவள் குரலில் சண்டை இல்லை; அதுதான் அவனுக்கு யோசனையாக இருந்தது. லொறியில் அவளை ஏற்றிய நாள் ஞாபகம் வந்ததோ என்னவோ, எழுந்து அடுப்படிக்குப் போனான். பாத்திரங்களை உருட்டினான். டப்பாக்களைத் திறந்து திறந்து மூடினான். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்து, அதே தோட்டத்தில் ஓய்வு மாஸ்டராகவும் இருந்தவன், கையில் கரண்டியோடு காம்பரா வாசலில் வந்து நின்றான்.

"ஏ புள்ள, தூள் எவ்வளவு போடணும்?"

பூரணி தூங்கிப் போயிருந்தாள்.